நாலு மணிக்கு உயர்ந்த வீடு

எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சர்வே வேலைக்கு வந்ததே காடு மேடெல்லாம் சுற்றலாம் என்றுதான். ஆனால் கிடைத்தது, நாள் முழுக்க ஓர் அயனி மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் வேலை.

வருஷம் ஐம்பத்தொன்று. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தோம். பஞ்ச காலத்தில் காட்டை வெட்டிக் கிழங்கு நட விட்ட சர்க்கார், இப்போது பேச்சிப்பாறைப் பக்கத்து மலைச்சரிவில் ஓர் உயரக்கோடு போட்டது. கோட்டுக்குக் கீழே வீடு இருந்தால் பட்டா. மேலே இருந்தால் காலி செய்ய வேண்டும். எந்த வீடு எந்தப் பக்கம் என்று லிஸ்ட் கொடுக்க வேண்டியது எங்கள் பார்ட்டி.

மலையை அளக்க வழி பல உண்டு. தியோடலைட்டால் கீழிருந்து கோணம் பார்க்கலாம். மரக்கூட்டத்துக்குள் இருக்கும் குடிசை அதில் தெரியாது. தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்தும் உயரம் சொல்லலாம். எங்கள் தெர்மாமீட்டர் லாரியிலேயே உடைந்துவிட்டது. லெவல் கருவியும் அடி குறித்த ஸ்டாஃப் கம்பும் வைத்துப் படிப்படியாக ஏறுவது சுத்தமான வழி, ஆனால் ஒரு வீட்டுக்கே மூன்று நாள் தின்னும். அதனால் அனராய்டு. உள்ளங்கை அகலத்தில் கடிகாரம் மாதிரி இருக்கும். ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து முள் இறங்கும். தொல்லை என்னவென்றால், ஏறாமலே ஒரே நாளுக்குள் அழுத்தம் கூடும், குறையும். அதைச் சரிக்கட்ட, அயனி மரத்தடியில், உயரம் ஏற்கெனவே தெரிந்த ரோட்டோரக் கல்லருகே இன்னொரு அனராய்டை வைத்து அரைமணிக்கு ஒருமுறை ஒருவன் எழுத வேண்டும். அந்த ஒருவன் நான்.

அன்று பத்து, பத்தரை, பதினொன்று என்று எழுதினேன். முள் அசைந்ததாகவே தெரியவில்லை. கால் பரபரத்தது. மாலை வரைக்கும் அதே எண்ணை நிரப்பிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு குலசேகரத்துக்குச் சாயா குடிக்கப் போய்விட்டேன்.

எங்கள் ஹெட் சர்வேயர் சிவதாணு பிள்ளை நாலு மணிக்கு மலைமேல் தங்கப்பழம் என்ற பெண்ணின் வீட்டில் ரீடிங் எடுத்தார். கணக்கில் வீடு கோட்டுக்கு எழுபது அடி மேலே வந்தது. மறுநாள் காலை அந்த அம்மாள் கேம்புக்கே இறங்கி வந்துவிட்டாள். பக்கத்து மேரியின் வீட்டை முந்தின நாள் காலையிலேயே அளந்து, கீழே என்று எழுதியிருந்தோம். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சாறே, மேரி வீட்டு ஓடை எனக்க கிழங்கு வெளையிலதான் வந்து சாடுது. அவ வீடு கீழ, எனக்க வீடு மேலயா? வெள்ளம் மேல பாத்து ஓடுமா?"

பிள்ளை அவளை அனுப்பிவிட்டார்.  அன்று நான் மரத்தடியை விட்டு நகரவில்லை. பத்து மணிக்குப் பிறகு முள் மெல்ல இறங்க ஆரம்பித்தது. நாலு மணிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், உட்கார்ந்த இடத்திலேயே நான் தொண்ணூறு அடி ஏறியிருந்தேன்.

வேலை போனால் போகட்டும் என்று பிள்ளையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "போன வாரம் ஒழுங்கா இருந்தியாடே?"

போன வாரமும் இரண்டு நாள் சைக்கிளில் போயிருந்தேன். அந்த லிஸ்ட் ஏற்கெனவே தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டது.

லெவலை எடுத்தோம். தண்டனையாக ஸ்டாஃபைச் சுமந்தது நான். தங்கப்பழத்தின் வீடு கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. அவள் ஓடையைச் சுட்டிக் காட்டிவிட்டுக் கிழங்கு பிடுங்கப் போய்விட்டாள்.

பிறகு போன வாரம் அந்த இரண்டு நாளில் மேலே என்று எழுதிய இரண்டு வீடுகளுக்கு ஏறினோம். ஒன்று சரியாகவே மேலே இருந்தது. இன்னொன்று இருந்த இடத்தில் வீடே இல்லை. தாலுகா ஆள் வந்து காலி செய்யச் சொன்னதும், அங்கே இருந்தவர்கள் ஓலையையும் கம்பையும் பிரித்துக்கொண்டு, கைக்குழந்தையோடு களியக்காவிளைப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அடுப்புக்கல் மூன்றும் கிடந்தன. அதன் பக்கத்தில் ஸ்டாஃபை நிறுத்தினேன். பிள்ளை லெவலில் பார்த்து எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினார். கோட்டுக்குப் பதினோரு அடி கீழே.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளைச் சந்தையில் கேட்டு அலைந்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். பார்க்காமல் விட்ட ரீடிங்கின் கட்டத்தைக் காலியாக விடுங்கள். திட்டு விழும், மறுபடி அளக்கச் சொல்வார்கள். நிரம்பிய கட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.