நீலப் பெட்டியும் எங்கள் வாப்பாவின் வாயும்

மிட்வைஃப் மிஸ்ஸை நினைத்தால் முதலில் அந்த நீலப் பெட்டிதான் கண்ணுக்குள் வருகிறது. தடுப்பூசி மருந்தைக் குளிராக வைத்திருக்கும் பெட்டி. அதன் பட்டி அழுத்தி அழுத்தி, அவருடைய வெள்ளைச் சேலை இடது தோளில் எப்போதும் கசங்கியே இருக்கும். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். மருதமுனையில் எங்கள் வீட்டு முன் அறையில்தான் மாதத்தில் ஒருநாள் கிளினிக் நடக்கும். இடம் கொடுத்தவர் வாப்பா. அன்றைக்கு விடியவே அறையைக் கழுவி, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, "மிஸ் வாறா, சத்தம் போடாதீங்க" என்று எங்களை அதட்டுவார். பெட்டியைக் கண்டதும் நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். மிஸ் என்னைத் தேடிப் பிடித்து ஊசியைப் போட்டுவிட்டு, உள்ளங்கையில் ஒரு டொபி மிட்டாய் வைப்பார். அந்த ஊசியை எந்த அமைச்சர் அனுப்பினார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

கொரோனாக் காலத்தில் ஊசியைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் போட்டார்கள். அரசாங்கத்தின் பக்கம் நின்ற எங்கள் ஊர் அரசியல்வாதியின் ஆட்கள் முதல் நாளே வாசலில் ஒரு பேனரைக் கட்டிவிட்டார்கள். அதில் ஊசியை விட அவருடைய சிரிப்புத்தான் பெரிதாக இருந்தது. எங்கள் தெருவோ முழுக்க எதிர்க்கட்சி, வாப்பா அதற்குத் தூண். ஒரு சனம் போகவில்லை. "எங்கட ஆளும் கொண்டு வருவாரு, பொறுங்க" என்று தேநீர்க்கடையில் கதைத்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ கட்சிக்கு ஒரு ஊசி இருப்பதுபோல. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாப்பாவுக்கு நீரிழிவு, போதாததற்கு மூச்சிழுப்பு வேறு. அடுத்த தெருவில் அவர் வயதொத்த இருவர் மூச்சுத் திணறி மௌத்தாகியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம் மிஸ் வீட்டுக்கே வந்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தார். தோளில் அதே பெட்டி.

"உங்களோட எனக்கு ஒரு கோவமும் இல்ல மிஸ்," என்றார் வாப்பா. "எங்கட ஜனாஸாவ எரிக்கக்குள்ள வாயப் பொத்திக்கிட்டு இருந்தவன்ட ஊசி எனக்கு வேணாம்."

கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் அடக்க விடாமல் அரசாங்கம் எரித்திருந்தது; அந்தக் காயம் பொய்யில்லை. மிஸ்ஸும் அதை மறுக்கவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல அண்ணன் முறை வைத்தே பேசினார்.

"காக்கா, அவர் படத்தத்தான் கட்டினவர். பெட்டியத் தூக்கினது நான்."

வாப்பாவுக்கு அது சரியென்றுதான் பட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அந்தப் பேனரக் கழட்டுங்க, நான் வாறன்," என்றார்.

மறுநாள் காலை மிஸ் பள்ளிக்கூட வாசலில் நாற்காலியில் ஏறி, தன் கையாலேயே முடிச்சுகளை அவிழ்த்து, பேனரை மடித்து ஓரமாக வைத்தார். வெளுத்த சாரனும் தொப்பியுமாக வாப்பா முதல் ஆளாகப் போனார். பின்னால் தெருவே போனது.

அதோடு விட்டிருக்கலாம். பெருமை தாங்காமல் வாப்பா அன்றே தேநீர்க்கடையில், "மிஸ் எங்கட ஆள்!" என்று சொல்லிவிட்டார். யாரோ அதை மிஸ்ஸின் படத்தோடு பேஸ்புக்கில் போட்டார்கள். எங்கள் கட்சிக்காரர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். பேனரைக் கழற்றியதற்கு அதுவரை முணுமுணுத்ததோடு நின்ற அரசியல்வாதியின் ஆட்களுக்கு அது போதுமாக இருந்தது. அரச ஊழியர் கட்சி வேலை செய்கிறார் என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். மிஸ்ஸுக்குத் தொலைவில், பொத்துவில் பக்கம் இடமாற்றம் வந்தது. ஊசியை நம்ப வைத்த மனுஷியை எங்கள் வாயாலேயே ஊரை விட்டு அனுப்பினோம். ஓய்வுக்கு முந்திய கடைசிக் காலத்தை அவர் ஒரு வாடகை அறையில் தனியாகக் கழித்தார். வாப்பா அங்கே தேடிப்போய் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க ஊசி போட்டீங்கதானே காக்கா, அது காணும், வேற என்ன வேணும்" என்று பிளேன்டீ கொடுத்து அனுப்பினாராம். திரும்பி வந்த வாப்பா பல நாள் தேநீர்க்கடைப் பக்கம் போகவில்லை.

போன மாதம் என் கடைக்குட்டிக்கு ஊசி. கிளினிக் இன்னும் எங்கள் முன் அறையில்தான். புதிதாக வந்திருக்கும் மிட்வைஃப் சின்ன வயதுப் பெண். பெட்டி மட்டும் அதே நீலம். பிள்ளை ஒரு சிணுங்கலோடு அடங்கிவிட்டான்.

"நல்ல கை வாப்பா இந்தப் புள்ளைக்கு," என்றேன்.

வாப்பா மேசைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே தலையாட்டினார்.

"ஓம். ஆனா நான் அத வெளிய ஒருத்தர்ட்டயும் சொல்லமாட்டன்."