எரிச்சல் நின்ற கால்

நான் பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். உடம்புக்குள் நடப்பதைப் பற்றி எழுத வந்துவிட்டதைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செருப்புகள் இன்னும் வயர் கூடையில், ஆணியில் தொங்குகின்றன. பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அவை என் அண்ணனுடையவை. சர்க்கரை நோயில் பாதம் எரிகிறது என்று ஈரச் சாக்கில் காலை வைத்துக்கொண்டு கிடப்பார். எரிச்சல் நின்றால் வெள்ளிமலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறி வருவதாக வேண்டிக்கொண்டார். ஒரு சித்திரையில் நின்றேவிட்டது. "சுத்தமா போச்சுடா. காலு இருக்குதான்னே தெரியல, அவ்ளோ லேசா இருக்குது" என்று சிரித்தார். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றி என் கூடையில் போட்டார். வெயிலில் கொதித்த பாறையில் நானும் அண்ணியும் வெறுங்காலோடு துள்ளித் துள்ளிப் போனோம். அவர் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி முன்னால் நடந்தார்.

"இன்னாடா, கோழி மாதிரி வர? சாமி என்னை மட்டுந்தான் தூக்கிக்கினு போவுதா?"

"எண்ணெய் வாங்கியாரச் சொன்னா தெருமுனைக்குப் போவ மாட்டாரு. இன்னிக்கி நடையைப் பாரு" என்றார் அண்ணி.

வீடு திரும்பிய மாலை, சிமெண்டுத் தரையில் சிவப்புத் தடங்கள். பிரசாதக் குங்குமம் கொட்டிவிட்டதென்று அண்ணி துடைத்தார். அண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்து போய் வந்ததும் மறுபடியும் தடங்கள். வலது பாதத்தில் பாட்டில் கண்ணாடி ஆழமாக இறங்கியிருந்தது.

புண் ஆறவில்லை, கறுத்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை போன்ற ஒன்றால் பாதத்தை அழுத்தினார். தொட்டால் சொல்ல வேண்டும். காத்திருந்து காத்திருந்து அண்ணன், "இன்னும் தொடலீங்களேம்மா" என்றார். இழை அப்போதும் அவர் பாதத்தில் அழுந்தி வளைந்து நின்றது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு வலையைப் பிடிச்சிக்கிட்டு இருக்குங்க. முள்ளு அழுத்தினா வலை இழுபடும். இழுபட்டா செல்லுல சின்னக் கதவு திறக்கும், உப்பு உள்ளே போகும். அங்கேருந்துதான் சேதி கிளம்புது. உங்களுக்குச் சேதி கொண்டுபோற நரம்பு செத்துப்போச்சு."

"அப்ப எரிச்சல் நின்னது?" என்று கேட்டார் அண்ணன்.

"அதனாலதாங்க."

வலி வேண்டாம் என்றுதான் கேட்டோம். எதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று தெரியாமல் கேட்டோம். தேங்காய் உடைத்து நன்றியும் சொன்னோம்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் செருப்பைக் கொண்டுவரச் சொன்னார். வலது செருப்பில் விரல்கள் பதிந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"நான் மிதிச்சது ரப்பருக்குத் தெரிஞ்சிருக்குது பார்றா."

மறுநாள் காலை வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். செருப்புகள் இரண்டையும் அண்ணி கூடையிலேயே போட்டு வைத்தார்.