குங்குமம் வைத்த பொதி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, அதற்கு மேலும் படிக்கப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல நான் ஒருபோதும் கூச்சப்பட்டதில்லை. அம்மாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும் வரும். அப்பா மூன்றாம் வகுப்போடு யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையில் துணி மடிக்கப் போனவர். லண்டனுக்கு வந்து பல வருடங்கள் பெற்றோல் செட்டில் காசாளராக நின்று, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெஸ்ட் ஈலிங்கில் ஒரு சின்னப் புடவைக்கடை போட்டார்.

கடையில் பெரிய முதல் கிடையாது. இருந்தது அப்பாவின் பெயர்தான். "அந்த அண்ணை பட்டெண்டு சொன்னால் அது பட்டு" என்று வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கு வரும் சனம் சொல்லும். கோயில் முடிந்து அப்படியே கடைக்கு வருவார்கள்.

கல்யாணக் கூறைச் சேலையைப் பொதி செய்ய அப்பாவுக்கு ஒரு முறை இருந்தது. மண்ணிறத் தாளில் சுற்றி, மஞ்சள் பூசிய நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சின் மேல் குங்குமம் வைப்பார். அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு தரம் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். அதன் பிறகு அந்தப் பொதியைக் கல்யாண வீட்டார்தான் அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் ஆகாது. இதை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நாள் புதிதாக ஒரு அம்மா வந்தார். அப்போது நான் கடையில் இருந்தேன். ஐம்பது வயது இருக்கும். பொன் சட்டக் கண்ணாடி, காதில் வைரத்தோடு, மோர்டனிலிருந்து வருகிறாராம். மகளுக்கு ஆவணியில் கல்யாணமாம்.

"இவ உங்கடை மகளோ அண்ணை? படிக்கிற பிள்ளையெண்டு முகமே சொல்லுது."

"ஓம், யூனிவர்சிற்றி," என்றார் அப்பா. அந்தச் சொல்லை அவர் எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வார்.

"அப்ப இன்னும் ரெண்டு வரியத்திலை நீங்களும் கூறை எடுக்கவேணும். சொந்தக் கடை, செலவில்லை!"

"அவ டொக்டர் மாப்பிள்ளைக்கும் சோதினை வைப்பா," என்று அப்பா சிரித்தார்.

அன்று அந்த அம்மா ஊருக்கு அனுப்பவென்று ஒரு டசின் நைலெக்ஸ் சேலைகள் எடுத்தார். மலிவான சாமான். பேரம் பேசாமல் காசைக் கொடுத்தார். பிறகு, "ஊரிலை குமர்ப்பிள்ளையளுக்குப் போறது அண்ணை. இதையும் கூறை மாதிரியே மங்களமாக் கட்டித் தாங்கோ," என்றார். அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. தாள் சுற்றி, மஞ்சள் நூல் கட்டி, குங்குமம் வைத்துக் கொடுத்தார்.

அடுத்த முறை அவர் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். நடந்ததை அப்பா சொல்லித்தான் தெரியும். கடையிலிருந்த மிகச் சிறந்த கூறையையும், அதோடு நான்கு காஞ்சிபுரம் பட்டுகளையும் அவர் தெரிந்தெடுத்தார். அப்பா அந்த ஆவணிக்கென்று, கையிலிருந்த காசு எல்லாவற்றையும் போட்டு இறக்கிய பட்டுகள் அவை. பொதி கட்டி, குங்குமமும் வைத்தாயிற்று. அப்போதுதான் அந்த அம்மா நெற்றியில் கை வைத்தாராம்.

"ஐயோ அண்ணை, இண்டைக்கு அட்டமியெல்லோ! இண்டைக்கு எடுக்கேலாது. வெள்ளிக்கிழமை மகளோடை வந்து காசைக் குடுத்து எடுக்கிறன். அதுவரைக்கும் உங்கடை அம்மன்ரை காலடியிலை இருக்கட்டும்."

அப்பாவுக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை. சாமான் கடையை விட்டுப் போகவில்லை. காசு வாங்காவிட்டால் என்ன? போகும்போது அந்த அம்மா, "கொஞ்சம் திருநீறு தாங்கோ," என்று கேட்டார். அப்பா படத்தடிக்குத் திரும்பித் திருநீற்றுத் தட்டை எடுத்து வந்தார். அவர் பூசிக்கொண்டு, இரண்டு கையாலும் பொதியைத் தூக்கி அப்பாவிடம் கொடுத்து, தன் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அப்பா பொதியை அம்மன் படத்தின் கீழே வைத்தார்.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அந்த அம்மா கொடுத்த தொலைபேசி எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆரும் செத்திருப்பினம்," என்றார் அப்பா. "செத்தவீட்டுத் துடக்கோடை கூறைக்கு வரேலாதுதானே. துடக்குக் கழியட்டும்."

அந்த வருடம் நான் இடைக்கால லண்டனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எங்கள் விரிவுரையாளர், சீப்சைட் கடைத்தெருவில் இருந்த ஒரு துணி வணிகனைப் பற்றிச் சொன்னார். ஒருவன் வந்து விலையுயர்ந்த கம்பளித் துணியைத் தெரிந்தெடுத்துப் பெட்டியில் வைத்து, மெழுகால் முத்திரை இட்டான். பணத்தோடு வரும்வரை பெட்டி உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிப் போனான். பிறர் இட்ட முத்திரையை உடைப்பது மரியாதை இல்லை என்று வணிகன் காத்திருந்தான். கடைசியில் திறந்தபோது பெட்டிக்குள் மணல். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கு அம்மன் படத்தடியில் இருந்த பொதி நினைவுக்கு வந்தது.

அன்று பின்னேரம் நேரே கடைக்குப் போனேன்.

"அப்பா, அந்தப் பார்சலை அவிழுங்கோ."

"உனக்கென்ன விசரே?"

வகுப்பில் கேட்டதை முழுவதும் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு பொதியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வடிவாப் பார். இது ஆற்றை முடிச்சு? என்ரை முடிச்சு. இந்தக் குங்குமம் ஆர் வைச்சது? நான் வைச்சது. உன்ரை கதையிலை வாறவன் வெள்ளைக்காரன். எங்கடை சனம் கூறையிலை கை வைக்குமே?"

அவர் சொன்னது உண்மைதான். முடிச்சு அப்பாவுடையது. தாளில் எங்கள் கடை முத்திரை இருந்தது. பொதியை வாங்கிப் படத்தடியில் திரும்ப வைத்தேன்.

ஆவணி பாதி போனது. நானும் கடையில் நின்ற ஒரு நாள், ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு மனிதர் தன் மனைவியோடு வந்தார். அடுத்த ஞாயிறு மகளின் கல்யாணம். ஊரிலிருந்து வரவேண்டிய கூறை வந்து சேரவில்லை. எதைக் காட்டியும் அந்த மனைவிக்குப் பிடிக்கவில்லை. அழும் நிலையில் நின்றார். அப்பா அம்மன் படத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"ஒரு கூறை இருக்கு. வேறை ஆக்களுக்குக் கட்டினது. அவையைக் காணேல்லை. ஒரு குமர்ப்பிள்ளையின்ரை காரியம், அம்மன் கோவிக்கமாட்டா."

கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார். பொதியை மேசையில் வைத்து, அவர்கள் கண் முன்னாலேயே நூலை வெட்டித் தாளை விரித்தார்.

நைலெக்ஸ். அப்பா தன் கையால் கட்டி விற்ற அதே ஒரு டசின் நைலெக்ஸ். முடிச்சு அவிழாமல், குங்குமம் கலையாமல் அப்படியே திரும்பி வந்திருந்தது. அப்பா திருநீறு எடுக்கத் திரும்பிய நேரத்தில் பட்டுப் பொதி அந்த அம்மாவின் பைக்குள் போய்விட்டது.

அப்பா சேலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். நான்தான் விளக்கத் தொடங்கினேன். அந்த மனிதர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பொறும் பிள்ளை. இப்ப நான் சந்தோசத்திலை பார்சலை அவிழ்க்காமல் வாங்கிக்கொண்டு போயிருந்தால்?"

"இல்லை அங்கிள், ஒரு பொம்பிளை வந்து மாத்திப்போட்டுப் போட்டா..."

"முடிச்சு உங்கடை, சீல் உங்கடை, குங்குமம் உங்கடை. பொம்பிளை மட்டும் வேறை ஆளோ?"

மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். வாசலில் நின்று, "அம்மன் படத்தையும் வைச்சுக்கொண்டு!" என்றார்.

பொலிஸில் முறையிட நான்தான் அப்பாவைக் கூட்டிப்போனேன். என் ஆங்கிலம் அங்கிருந்த அதிகாரியுடைய ஆங்கிலத்துக்குக் குறைந்ததல்ல. ஏன் இத்தனை நாளும் பொதியைத் திறந்து பார்க்கவில்லை என்று அவர் கேட்டார். நான் கூறையைச் சொன்னேன், குங்குமத்தைச் சொன்னேன், அட்டமியைச் சொன்னேன், துடக்கைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்பா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விளங்கினதோ அவருக்கு?"

"ஓம் அப்பா."

பட்டுகள் போனதைக்கூட அப்பா தாங்கியிருப்பார். ரெய்னர்ஸ் லேன் மனிதர் சொன்ன கதை பரவி, சனத்தின் கண்தான் மாறிப்போனது. அடுத்த வெள்ளி கோயில் முடிந்து வந்தவர்கள் சிலர்தான். அவர்களிலும் ஒருத்தி, பொதி கட்டிக் குங்குமம் வைத்துக் கொடுத்ததும், கடைக்குள்ளேயே தாளைக் கிழித்தாள். சேலையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். "கோவியாதையுங்கோ அண்ணை, சனம் ஒவ்வொண்டு கதைக்குது," என்றாள். அப்பா கோபிக்கவில்லை. கீழே விழுந்த நூலைக் குனிந்து பொறுக்கினார். அன்றைக்குப் பிறகு அவர் யாருக்கும் குங்குமம் வைத்துக் கொடுக்கவில்லை. வைக்காததற்கும் சனம் ஒரு காரணம் கண்டுபிடித்தது.

மாசிக்கு முன்னே கடையைப் பூட்டினோம். அப்பா மறுபடியும் பெற்றோல் செட்டுக்குப் போனார். நம்மவர்கள் அதிகம் வராத இடமாகப் பார்த்து, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் ஒன்றைத் தேடிக்கொண்டார். அந்த அம்மாவை அதன் பிறகு யாரும் காணவில்லை. மோர்டனில் விசாரித்தால், அப்படி ஒருவர் அங்கே இருந்ததே இல்லை என்றார்கள்.

நான் பட்டம் வாங்கிய நாளில் அம்மா மட்டும் வந்தார். அப்பா ஷிப்ட் இருக்கிறது என்றார். அன்று அவருக்கு ஷிப்ட் இல்லை என்பது எனக்குத் தெரியும். மண்டபத்தில் எங்கள் ஆட்கள் நாலு பேராவது இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.