கூட்டத்தில் கழற்றாத காதுமெஷின்

எங்கள் ஊர்க்கூட்டத்தில் இப்போதெல்லாம் ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேசுகிறார். அதற்குக் காரணம் என் காது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, பெருமைதான்.

முன்பு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். கொல்லிமலையில் மற்ற ஊர்கள் எப்படியோ, எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். யார் தொண்டை கடைசிவரை தாங்குகிறதோ அவர் பக்கம் நியாயம். காது மந்தமான பிறகு அந்தக் கூட்டங்களில் நான் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன். நாலு பேர் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எரிச்சல் வரும். கோபம் எனக்கு முன்பே கொஞ்சம் அதிகம்.

பிறகுதான் நாமக்கல்லில் காதுமெஷின் வாங்கினேன். ஏதோ ஏஐ வைத்ததாம். பத்துப் பேர் பேசினாலும் எதிரில் இருப்பவர் குரலை மட்டும் பிரித்துக் கொடுக்கும், அதையே போனில் எழுத்தாகவும் காட்டும். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரே தடவையில் பேசி டிக்கெட் வாங்கிய அன்று தலை நிமிர்ந்து மலை ஏறினேன்.

சரியான நேரத்தில்தான் வாங்கியிருந்தேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு கொழுந்தனார் தன் மரவள்ளிக் காட்டின் குறுக்கே போன தடத்தை வேலி போட்டு அடைத்துவிட்டார். மேலே இருக்கும் என் மிளகுக் காட்டுக்கு அதுதான் தடம். ஓடையைச் சுற்றியும் போகலாம். மூட்டை சுமந்து அப்படிச் சுற்றிவர என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. தடம் கிடைக்காவிட்டால் காட்டை அவருக்கே விற்க வேண்டியதுதான். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

வழக்கு கூட்டத்துக்கு வந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பங்காளி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, நாம பேசறது இதுல எழுத்தா ஓடுதுங்க,” என்றார்.

எல்லோரும் என் மடியில் இருந்த போனைத் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சு இதற்குள் போய் அப்புறம் எங்கே போகிறது என்று, கூட்டத்தை நடத்தும் ஊர்க்கவுண்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மெஷினைப் போனோடு சேர்த்துக் கொடுத்த, சேலத்தில் இருக்கும் மகளைக் கூப்பிட்டேன். கம்பெனிக் கணினிக்குப் போய்த்தான் குரல் பிரிந்து வருகிறது, மெஷினைப் பழக்குவதற்காக அதை அங்கேயே வைத்தும் கொள்கிறார்கள் என்றாள். “முதல்லயே சம்மதமான்னு கேட்டுச்சும்மா. நான்தான் அமுக்கிவிட்டேன்.”

கூட்டத்தில் பேசியது மலை இறங்கக் கூடாது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளிடம்கூட நாங்கள் சொல்ல மாட்டோம்.

“மெஷினைக் கழட்டி வெச்சுட்டு உக்காரு சாமி. இல்லீன்னா ஊட்டுக்குப் போ,” என்றார் ஊர்க்கவுண்டர்.

“கழட்டுனா எனக்கு என்னங்க கேக்கும்? செவுத்துக்கிட்டயா நான் நியாயம் கேக்கறது?”

கொழுந்தனார் சிரித்தார். வழக்கை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நாமக்கல் போனேன். மெஷின் வாங்கிய இடத்தில் காது பார்க்கும் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எங்கள் ஊர்ப் பேச்சை யாரைக் கேட்டு எடுத்துப் போனீர்கள் என்று வாசலிலேயே சத்தம் போட்டேன். அவள் மழுப்பவில்லை. அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

“தப்புதாங்கம்மா. உங்க சம்மதம் உங்க குரலுக்கு மட்டுந்தான். மத்தவங்க குரலுக்கு அவங்களைத்தான் கேக்கணும். மெஷின் கொடுக்கறப்பவே நான் சொல்லியிருக்கணும்.”

என்னை உட்கார வைத்து, அனுப்புவதை நிறுத்தினாள். கம்பெனிக்காரர்களிடம் பேசி, போன பேச்சையெல்லாம் அழிக்க வைத்தாள். பிறகு, “இனிமே கூட்டத்துல எல்லாக் குரலும் ஒண்ணா வந்து மோதுங்கம்மா,” என்று எச்சரித்தாள்.

“ஒருத்தர் மட்டும் பேசுனா கேக்குமில்ல?”

“அது நல்லாவே கேக்கும்.”

“அது போதும் கண்ணு,” என்று கிளம்பினேன். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க, கூட்டத்தில் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த கூட்டத்தில் போனை அணைத்து ஊர்க்கவுண்டர் கையில் கொடுத்தேன்.

“இந்த மெஷின் இனி எதையும் எங்கயும் அனுப்பாதுங்க. ஆனா பத்துப் பேர் கத்துனா எனக்கு ஒண்ணும் புரியாது. ஒருத்தர் முடிச்சாத்தான் அடுத்தவங்க பேசணும். உங்க பேச்சை நான் காப்பாத்திட்டேன். என் காதை நீங்க காப்பாத்துங்க.”

இது எந்த ஊர் வழக்கம் என்று பின்னால் யாரோ முனகினார்கள். ஊர்க்கவுண்டர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டார்.

“கேக்கறது நியாயந்தான்,” என்றார்.

அன்று கூட்டம் ஏருக்குப் பழகாத மாடு மாதிரி நடந்தது. நடுவில் வாயைத் திறந்தவர்களைப் பக்கத்தில் இருந்தவர்களே முழங்கையால் இடித்து அடக்கினார்கள். என்னைக் காட்டிக் காட்டி இடித்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது.

கொழுந்தனார் முறை வந்தது. எப்போதும் அவரை ஏதாவது கேட்டால் அவருடைய ஆட்கள் நாலு பேர் கூடவே கத்துவார்கள். கேள்வி அதிலேயே அமுங்கிவிடும்.

நான் எழுந்து நின்று கேட்டேன். “உங்கப்பா மேல இருக்கற மொளகுக் காட்டுக்கு எந்தத் தடத்துல போனாரு தம்பி?”

அவர் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நான் அடைச்ச அதே தடந்தான் அண்ணி.”

மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத் தெளிவாகக் கேட்டது.