முட்டைக்கார மெயிலெக்கின் குஞ்சங்கள்

ஜெருசலேம் சந்தையில் முட்டைக்கார மெயிலெக்கின் வாய்க்குப் பூட்டே கிடையாது. "என் முட்டையைக் குறை சொல்லாதம்மா, கோழி தூக்கு மாட்டிக்கும்!" என்று ஒரு கத்துக் கத்தினால் கடைசிக் கடை வரை கேட்கும். சட்டைக்கு மேலே அவர் போட்டிருக்கும் துணியின் நான்கு மூலையிலும் நீள நீளமாய் வெள்ளைக் குஞ்சங்கள் ஆடும். கடவுளின் கட்டளைகள் மறக்காமல் இருக்க, மூன்று வயதில் அவர் அப்பா போட்டுவிட்டது. அன்றிலிருந்து ஒருநாளும் அவை இல்லாமல் தெருவில் இறங்கியதில்லை.

அவருடைய ஒரே மகன் ஹெனெக் பத்தொன்பது வயதில் தன் குஞ்சத் துணியைக் கழற்றினான். சண்டை போட்டுக் கழற்றவில்லை, பாவம். அழகாக மடித்து அம்மாவின் அலமாரியில் வைத்துவிட்டு வந்து நின்றான்.

"எனக்கு நம்பிக்கை போயிடுச்சுப்பா. சும்மா போட்டுக்கிட்டு உங்கள ஏமாத்த மாட்டேன்."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"குஞ்சம் இல்லாதவனுக்கு என் மேசையில இடம் இல்லடா," என்றார் மெயிலெக்.

ஹெனெக் ஹைஃபாவுக்குப் போய் மோட்டார் சைக்கிள் பழுது பார்த்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் தவறாமல் வந்து வீட்டுப் படிக்கட்டில் நிற்பான். அம்மா ஃப்ரூமா சூடாகக் குகெல் பலகாரம் கட்டிக் கொடுப்பாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். இந்த மனுஷனுக்கு மட்டும் அது கல்லாக இருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்று, இரண்டு குஞ்சங்களைப் பிடித்து மகனின் முகத்துக்கு நேரே ஆட்டுவார்.

"நல்லாப் பாத்துக்கடா! உன் தாத்தன் சுமந்தது, அவன் அப்பன் சுமந்தது. உனக்குத்தான் பாரமாப் போச்சு."

ஹெனெக் அம்மா பக்கம் திரும்புவான். "போன வாரம் மிளகு தூக்கலா இருந்துச்சும்மா," என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்புவான்.

"ஏங்க, ஒரு தடவை உள்ள கூப்பிடுங்களேன்," என்று ஃப்ரூமா கெஞ்சுவாள்.

"போட்டுக்கிட்டு வரட்டும்."

அவன் வரவில்லை. ஒரு மழை நாளில் ஹைஃபா சாலையில் ஒரு லாரி அவன் வண்டியை அடித்துவிட்டது.

பிரேதம் கழுவும் கெட்ஸெல், மெயிலெக்கோடு பள்ளியில் படித்தவர். கழுவும் அறையிலிருந்து வெளியே வந்து மெதுவாகக் கேட்டார்.

"பையனுக்கு ஜெபச் சால்வை இருக்கா மெயிலெக்? சுத்தணும்."

கல்யாணம் ஆனால்தானே எங்கள் பையன்களுக்குச் சால்வை! மெயிலெக் கையிலிருந்த பையை நீட்டினார். அவர் கல்யாணத்துக்கு மாமனார் போட்டது.

"இதைப் போர்த்து. நாலு குஞ்சமும் முழுசா இருக்கு. என் பிள்ளை நாலோட போகட்டும்."

கெட்ஸெல் தலையைக் குனிந்துகொண்டார். "செத்தவங்களுக்கு ஒண்ண அறுத்துடுவோம்யா. உனக்குத் தெரியாததா?"

"அறுக்காதடா! உன் கால்ல விழறேன். இந்த ஒரு தடவையாவது அவன் முழுசாப் போட்டுக்கட்டும்!"

"செத்தவனுக்குக் கட்டளை இல்ல மெயிலெக். இனிமே அவன்கிட்ட யாரும் எதுவும் கேக்கக்கூடாது."

உள்ளே கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. மெயிலெக் சுவரில் தலையை மோதிக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆண்கள் எல்லாரும் வழக்கம்போல் தங்கள் குஞ்சங்களைக் கால்சட்டைக்குள் சொருகிக்கொண்டார்கள். மெயிலெக் மட்டும் அப்படியே நடந்தார். கெட்ஸெல் பின்னாலேயே ஓடிவந்து அவர் தோளைத் தொட்டார்.

"குஞ்சத்தை மறைச்சுக்கய்யா."

"எதுக்கு?"

"எதுக்கா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! போட்டுக்க முடியாதவங்க இங்க படுத்திருக்காங்க. அவங்க முன்னாடி ஆட்டிக்கிட்டுப் போனா, கேலி பண்ற மாதிரி. அவங்க மனசு நோகும்."

மெயிலெக் நின்றுவிட்டார்.

"நோகுமா கெட்ஸெல்?"

"நோகும்னுதான் பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"செத்தவனுக்கே நோகும்னா, உயிரோட நின்னவனுக்கு?"

மெயிலெக் குஞ்சங்களை ஒவ்வொன்றாகச் சொருகினார். பிறகு குழியின் ஓரத்தில் மண்டியிட்டு, சந்தையையே அதிர வைக்கும் அந்தக் குரலில் அலறினார்.

"ஒரு வெள்ளிக்கிழமையாவது இப்படி மறைச்சுக்கிட்டு உன் முன்னாடி நின்னிருக்கலாமேடா, ஹெனெக்!"