கிடைக்கும் முன் போட்ட காணிக்கை

என் மகள் பாலிமர் படித்தவள். அருமனைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. அவள் ஆராய்ச்சி செய்ய விரும்பியதும் ரப்பர் பாலைப் பற்றித்தான். அறிவியலும் பொறியியலும் படிக்கும் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கிற உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். கிடைத்தால் மேலே படிப்பாள். கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை வந்து போயிருந்தார்கள்.

"முப்பது வருசமா நானும் பால் எடுக்கேன். எனக்கு ஒருத்தனும் ஸ்காலர்ஷிப் தரல்லியே" என்றார் அவளுடைய அப்பா.

"அது பொம்பளையளுக்கு உள்ளதுப்பா."

நேர்முகத் தேர்வு முடிந்து, முடிவு வர வேண்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். எங்கள் சபையில் காணிக்கைக் கவரின் மேல் எதற்காக நன்றி என்று எழுதிக் கொடுத்தால் போதகர் அதை வாசித்து ஜெபிப்பார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கேட்கும்போதே கிடைத்துவிட்டதாக நம்ப வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள். அந்த நம்பிக்கையில், மகளுக்கு உதவித்தொகை கிடைத்ததற்காக என்று எழுதிவிட்டேன். போதகர் அப்படியே வாசித்தார்.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் ஏழெட்டுப் பேர் மகளுக்குக் கை கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"இன்னும் ரிசல்ட்டே வரல்லம்மா."

"விசுவாசத்துல எழுதுனேன் மக்களே. ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். பாட்டுக் குழுவுல உள்ளவளுவளுக்குத் தெரியாதே."

வியாழக்கிழமை முடிவு வந்தது. கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் கடைசியில் பெயர் இருந்தது. மகள் போனை என்னிடம் காட்டிவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். நான் அறைக்குள் போய் முழங்கால் போட்டேன். என்ன சொல்லி ஜெபிப்பது என்று தெரியவில்லை. நன்றி ஏற்கெனவே சொல்லியாயிற்று.

அடுத்த ஞாயிறு நீ வர வேண்டாம் என்றேன். அவள் எனக்கு முன்னால் புறப்பட்டு நின்றாள். ஆராதனை முடிந்ததும் பாட்டுக் குழுவில் பாடுகிற பெண் ஒருத்தி வந்து கேட்டாள்.

"எப்பம் போற மக்கா?"

"போகல்ல மாமி. கிடைக்கல்ல. அம்மா முந்தியே ஸ்தோத்திரம் பண்ணிட்டா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி மகளிடம், "அது யாரு யாருக்கெல்லாம் குடுப்பாவ? எனக்க மவளும் பி.இ. முடிச்சிட்டு சும்மா இருக்கா" என்றாள்.

"இந்த வருசத்துக்க தேதி முடிஞ்சுது. அடுத்த வருசம் நான் திரும்ப அப்ளிகேஷன் போடுவேன். அவளையும் வரச் சொல்லுங்க, சேந்து போடலாம்."

திரும்பப் போடப்போவதாக மகள் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வருசம் கழியட்டும் என்று சொல்லிவிடும்படி அவளுடைய அப்பாவிடம் சொன்னேன்.

"அவிய காத்துட்டு இருப்பாவளா?" என்றார்.

"இருக்காட்டா போவட்டும்" என்றேன்.