கோமதி அக்கா சாயம் தோய்த்த வேட்டை உடைகள்

போன செவ்வாய்க்கிழமை காலை விளாங்குடி நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றிருந்தபோது சண்முகம் மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, கோமதி போயிட்டாப்பா. காப்பி கேட்டா. போட்டுக் கொண்டாந்து பாக்குறேன்..." வந்த பேருந்தை விட்டுவிட்டு நாகமலை புதுக்கோட்டைக்கு ஆட்டோ பிடித்தேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அவர் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். சண்முகம் மாமா அவருடைய கணவர். பாளையக்காரர் காலத்துப் போர்களையும் வேட்டைகளையும் அந்தக் காலத்து உடையோடு வெட்டவெளியில் நடித்துக் காட்டும் குழு எங்களுடையது. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், என்னைப் போல் அலுவலகம் போகிறவர்கள் எல்லாரும் இதில் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கொட்டாம்பட்டிப் பக்கம், அறுவடை முடிந்த வயல்களில் நடத்துவோம். விலங்கு எதையும் தொடமாட்டோம். வேட்டை வெறும் பாவனைதான். ஆனால் உடையில் பாவனை கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவர் அக்கா.

அவர் சேர்ந்த முதல் ஆண்டில், வேட்டைக்காரர்களுக்கு நல்ல பச்சையில் உடை வேண்டும் என்று கேட்டேன். காட்சிகளை அமைப்பவன் நான். அதனால் என் சொல் எடுபடும் என்ற நினைப்பு.

"பச்சை எங்கய்யா இருக்கு அங்க? மாசியில போய் அந்த வயக்காட்டைப் பாத்திருக்கியா நீ?" என்றார்.

மறுநாளே மாமாவின் வண்டியில் போய் ஒரு பை நிறைய மண்ணும் வைக்கோல் தாளும் காய்ந்த புல்லும் அள்ளி வந்தார். கருவேலம்பட்டை, மாதுளை ஓடு, கடுக்காய், இரும்புத் துரு ஊறிய தண்ணீர் என்று மாற்றி மாற்றித் தோய்த்து, ஒவ்வொரு துண்டையும் அந்த மண்ணின் மேல் வைத்துப் பார்த்தார். ஒத்திகை நாளில் என்னை வரப்பில் நிறுத்தி, "நாலு பேர் இருக்காக. கண்டுபிடி" என்றார். கால் மணி நேரம் தேடியும் எனக்கு ஒருவர்கூட அகப்படவில்லை. கடைசியில் என் காலடியிலிருந்து பத்தடி தூரத்தில் ஒருவர் தும்மினார். அக்கா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அதன் பிறகு நிறம் பற்றி நான் வாய் திறந்ததில்லை.

துணி வாங்குவதிலும் அப்படித்தான். ஒருமுறை கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய்களின் சிவப்புச் சட்டைக்காக, கைத்தறி என்று கடைக்காரர் அடித்துச் சொன்ன துணியை நானே வாங்கிப் போனேன். அக்கா ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். அது உருகி மணியாகச் சுருண்டது.

"பாதி பாலியஸ்டர். திருப்பிக் குடுத்துட்டு வா."

"நாள் இல்லக்கா. தூரத்துல நின்னு பாக்குறவுகளுக்கு என்ன தெரியப் போகுது?"

"பாக்குறவனுக்குத் தெரியாது. தீப்பந்தம் பிடிச்சு ஓடுறானே, அவன் மேல ஒரு பொறி விழுந்தா அவனுக்குத் தெரியும். தோலோட ஒட்டிக்கிரும். இதை நான் தோய்க்க மாட்டேன்."

நான் தலைகுனிந்து துணியைத் திருப்பினேன். அவரே ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போய், தறியிலிருந்து அறுத்த பழுப்புத் துணியை வாங்கி வந்தார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சிவப்புத் தோய்ப்பில் ஒரு தவறு நேர்ந்தது. மஞ்சிட்டி வேரில் ஊறி வந்த துணி சிவப்பாக இல்லாமல் செம்பழுப்பாக வந்தது. மறுமுறையும் அப்படியே. வாடகைக்குப் பளபளப்பான உடை எடுத்துவிடலாம் என்று குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. அக்கா எல்லாரையும் வீட்டுக்கு அழைத்தார். சுற்றி வளைக்கவில்லை.

"சர்க்கரை என் கண்ணுல இறங்கிருச்சு. நிறம் பிரிச்சுத் தெரிய மாட்டேங்குது. தண்ணியோட நிறத்தைப் பாத்துத்தான் அடுப்பைக் குறைப்பேன். அது தெரியாம கொதிக்க விட்டுட்டேன். தப்பு என்னோடது. துணி இன்னும் இருக்கு, வேரும் இருக்கு, எனக்குத் தொழிலும் தெரியும். ரெண்டு கண்ணு மட்டும் குடுங்க."

நான் வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டுக் கொல்லையில் அடுப்புக்கு முன்னால் அமர்ந்தோம். ஆய்வகத்து வெப்பமானியை என் கையில் கொடுத்து, எண்ணைப் படிக்கச் சொல்வார். துணியைத் தூக்கிக் காட்டி, "என்ன நிறம்?" என்பார்.

"சிவப்புக்கா."

"சிவப்புன்னா? செங்கல்லா, மாதுளை முத்தா, வெத்தலை எச்சியா?"

"செங்கல்லுக்கும் மாதுளைக்கும் நடுவுல."

"அப்ப இன்னும் அரை மணி நேரம் கிடக்கட்டும். அவசரப்படாத."

நாற்பது வயதுக்கு மேல்தான் நான் ஒரு நிறத்தை நிதானமாகப் பார்த்தேன். அந்த ஆண்டு பதினெட்டு சிவப்புச் சட்டைகளும் வயலில் அணிவகுத்தபோது, பக்கத்தில் நாற்காலியில் இருந்த அக்கா, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "மாதுளை முத்துக்கா" என்றேன். "அம்புட்டுத்தானே" என்று சொல்லிச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பின்னும் இரண்டு ஆண்டுகள் அவர் தோய்த்த உடைகளைத்தான் உடுத்தினோம். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் மாமா என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். "தொட்டியில ஏதோ ஊறப் போட்டிருக்கா. எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல" என்றார். அது அவுரிச் சாயத் தொட்டி. இருவருமாகத் துணியைத் தூக்கினோம். வெளியே வந்தபோது அது வெளிறிய பச்சையாக இருந்தது. காற்றுப் பட்டதும் ஓரங்களிலிருந்து நீலம் படரத் தொடங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுவதும் நீலமாயிற்று. கொடியில் விரிக்க மாமா ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையை.

அடர்நீலம், அக்கா. நல்லா ஏறியிருக்கு. போய் வாருங்கள்.